மிளகு திறக்கும் கதவு

விழுங்குவது வேறு, உடம்பில் சேர்வது வேறு. தண்ணீரில் கரையாத மருந்தை ரத்தத்தில் ஏற்ற இடுக்கி மலைச் சரக்குகள் இரண்டு கைகொடுக்கின்றன. அந்தக் கை சில சமயம் வேண்டாத கதவையும் திறந்துவிடுகிறது.

மூணாறு கடைவீதியில் ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகரும். எஸ்டேட் லயங்களிலிருந்து வாரச் சாமான் வாங்க இறங்கி வந்த தொழிலாளர் குடும்பங்கள் ஒரு பக்கம். சமவெளியிலிருந்து குளிரை அனுபவிக்க ஏறி வந்த சுற்றுலாக் கூட்டம் மறுபக்கம். முதல் கூட்டம் அரிசியும் கருவாடும் வாங்குகிறது. இரண்டாவது கூட்டம் ஏலக்காய், கிராம்பு, ஜாதிபத்திரி, யூகலிப்டஸ் தைலம், வீட்டுச் சாக்லேட் என்று பை நிரப்புகிறது. சில ஆண்டுகளாக இந்த வாசனைச் சரக்குக் கடைகளில் புதிதாக ஓர் அலமாரி முளைத்திருக்கிறது. அதில் மூட்டை இல்லை, ஜாடி இல்லை. வெள்ளை பிளாஸ்டிக் குப்பிகளில் மஞ்சள் நிற கேப்சூல்கள்.

"வெறும் மஞ்சத்தூள் வயித்துல நிக்காது சார். இதுல மிளகுச் சத்து சேர்த்திருக்கு. இருபது மடங்கு ஏறும்" என்றார் கடைக்காரர். எங்கே ஏறும் என்று கேட்டேன். "ரத்தத்துலதான் சார், வேற எங்க?" என்று அவர் திருப்பிக் கேட்ட தொனியில், தமிழ் படித்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்ற இரக்கமும் இருந்தது. போடியில் இருக்கும் சித்திக்கு முழங்கால் வலி. ஒரு குப்பி வாங்கினேன்.

போடிமெட்டு வழியாக இறங்கும் பேருந்தில் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தபோதுதான் இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. பைப்பரின் 5 மில்லிகிராம் என்பது ஒன்று. வேறு மருந்து தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டபின் பயன்படுத்தவும் என்பது, அதைவிடச் சின்ன எழுத்தில், இன்னொன்று. சித்தி இருபது வருஷமாக ராத்திரி தவறாமல் ஒரு மாத்திரை போடுகிறவர். வலிப்புக்கான ஃபெனிடாயின். குப்பி பையிலேயே இருந்தது. அந்த இரண்டு வரிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடப் போனதில் கிடைத்த கதை இது.

கரையாத பொருள்

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின். பிரான்ஸில் 1815இல் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு வடிவம் தெரிய 1910 வரை ஆயிற்று. சாதாரண மஞ்சளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருக்கும். உலகச் சந்தையில் 'ஆலப்பி மஞ்சள்' என்று பெயர் வாங்கிய ரகத்தில் ஐந்து, ஆறு பங்குவரை போகும். பெயர்தான் ஆலப்புழை. கப்பல் ஏறிய துறைமுகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. விளைந்தது பெரும்பாலும் இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழையிலும் அதை அடுத்த மூவாற்றுப்புழையிலும். மிளகு விஷயமும் அப்படித்தான். மூணாறு கடைகளில் குவித்து வைத்திருந்தாலும், 1,500 மீட்டருக்கு மேல் உள்ள இந்தக் குளிரில் மிளகுக் கொடி செழிக்காது. கீழே அடிமாலி, ராஜாக்காடு பக்கம் முருக்க மரத்திலும் சில்வர் ஓக்கிலும் படர்ந்து விளைந்தது மேலே ஏறி வந்து விற்பனையாகிறது.

குர்க்குமினின் தலையாய குறை, அது தண்ணீரில் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம்கூடக் கரைவதில்லை. ஆனால் எண்ணெய் என்றால் உடனே இறங்கிவிடும். இதை ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. குழம்பில் மஞ்சள் நிறம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேலே மிதக்கும் எண்ணெயில்தான். வேட்டியில் விழுந்த கறை தண்ணீருக்கு அசையாததும் இதனால்தான்.

நம் குடலோ தண்ணீர்ப் பாத்திரம். விழுங்கிய மருந்து அங்கே முதலில் கரைய வேண்டும். கரைந்தபின் குடலின் சுவரைத் தாண்ட வேண்டும். அந்தச் சுவரின் செல்கள் கொழுப்புப் படலத்தால் ஆனவை. ஆக, தண்ணீரிலும் கரைய வேண்டும், கொழுப்பையும் கடக்க வேண்டும். மாமியாருக்கும் பிடிக்க வேண்டும், மருமகளுக்கும் பிடிக்க வேண்டும் என்பதுபோன்ற இந்த நிபந்தனையில் தேறுகிற பொருள்கள் குறைவு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கோர்டன் அமிடானும் சகாக்களும் 1995இல் மருந்துகளை இந்த இரு குணங்களை வைத்தே நான்கு வகுப்புகளாகப் பிரித்தார்கள். நன்றாகக் கரைந்து நன்றாகக் கடப்பவை முதல் வகுப்பு. கரையாது, ஆனால் கரைத்துவிட்டால் கடக்கும் என்பவை இரண்டாவது. கரைந்தாலும் கடக்கத் திணறுபவை மூன்றாவது. கரையவும் செய்யாது, கடக்கவும் செய்யாது என்பவை நான்காவது. இன்று உலகெங்கும் மருந்துக் கம்பெனிகள் தலையைப் பிய்த்துக்கொள்வது இரண்டாவது, நான்காவது வகுப்புகளோடுதான்.

குர்க்குமினுக்கு மூன்றாவதாக ஒரு தடையும் உண்டு. தப்பித்தவறிச் சுவருக்குள் நுழைந்த கொஞ்சத்தையும் குடல் செல்லும் ஈரலும் பிடித்து, அதன் முதுகில் குளூக்குரோனிக் அமிலம் என்ற ஒரு மூட்டையைக் கட்டி வெளியே அனுப்பிவிடுகின்றன. 1978இல் ஸ்வீடனில் எலிகளுக்குக் குர்க்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். முக்கால் பங்கு மலத்தோடு போயிற்று. ரத்தத்தில் சேர்ந்தது மிக அற்பம்.

பாட்டியின் கைப்பக்குவம்

கரையாததை எப்படிக் கரைப்பது? வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றின் தத்துவம் நம் அடுப்படியில் உள்ளதுதான். கற்கண்டைவிடத் தூள் சர்க்கரை சீக்கிரம் கரைகிறது. அரைக்க அரைக்க மேற்பரப்பு கூடுகிறது. எனவே மருந்தை மைக்ரானுக்கும் கீழே, நானோ அளவுக்கு அரைக்கிறார்கள். கொழுப்பில் கரையும் என்றால் கொழுப்போடு கொடுக்கலாம். எண்ணெயில் தாளிக்கிற பெருங்காயம் குழம்பு முழுக்க மணப்பதுபோல. பளிங்குபோல இறுகிய பொருள் கரையாமல் அடம்பிடித்தால், அதை ஒரு பிசினோடு சேர்த்து அடுக்குக் கலைத்துவிட்டால் இளகிக் கரையும். இவற்றைச் செய்வதைத்தான் மருந்தியலில் 'ஃபார்முலேஷன்' என்கிறார்கள். மருந்து அதே மருந்துதான். கட்டும் பொட்டலம் மாறுகிறது.

சித்த மருத்துவத்தில் இதற்கு ஏற்கெனவே சொல் உண்டு: அனுபானம். ஒரே சூரணத்தை ஒரு நோய்க்குத் தேனிலும், இன்னொன்றுக்கு நெய்யிலும், வேறொன்றுக்குப் பாலிலும் கொடுக்கச் சொல்வார்கள். எந்த மருந்து என்பதோடு எதில் என்பதும் சேர்ந்ததே வைத்தியம். பற்பம் பதமாகிவிட்டதா என்று பார்க்க விரல்களுக்கிடையே தேய்த்து, ரேகைக் கோடுகளுக்குள் புகுகிறதா என்று சோதிப்பார்கள். தண்ணீரில் தூவி மிதக்கிறதா என்று பார்ப்பார்கள். சாமக்கணக்கில் கல்வத்தில் அரைப்பது துகள் அளவைக் குறைக்கும் வேலை என்பதை இன்றைக்கு எவரும் ஒப்புக்கொள்வார்கள். (அரைத்தது நயம் என்பதால் உள்ளே இருக்கும் பாதரசமும் ஈயமும் சாதுவாகிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. அது தனி விவகாரம்.)

மிளகு வேறு வகை. மிளகு எதையும் கரைப்பதில்லை. அது காவல்காரனைப் பார்த்துக்கொள்கிறது.

எம்.ஏ. வகுப்பில் பதினெண்கீழ்க்கணக்கைப் பாடம் நடத்தும்போது திரிகடுகம் வந்தால் ஆசிரியர்கள் சுக்கு, மிளகு, திப்பிலி என்று ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நல்லாதனார் நூலுக்குப் பெயர் தந்த அந்த மூன்று சரக்குகள் ஏன் இத்தனை மருந்துகளில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டவர் ஜம்முவில் இருந்தார். அங்குள்ள வட்டார ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சி.கே. அடாலும் அவரது குழுவும் 1970களின் கடைசியில் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: இத்தனை நோய்களுக்கும் அந்த மூன்றுமா மருந்து? இல்லை, அவை மற்ற மருந்துகளுக்கு ஒத்தாசை செய்கின்றனவா? ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளைத் திப்பிலியோடு சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் அதன் அளவு இரண்டு மடங்குக்கும் மேல் போயிற்று. 1981இல் அவர்கள் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இருமலுக்கு ஆடாதோடைச் சாற்றில் திப்பிலிப் பொடியைத் தூவிக் கொடுத்த எந்தப் பாட்டிக்கும் அந்தக் கட்டுரை போய்ச் சேரவில்லை, தேவையும் இருக்கவில்லை.

மிளகிலும் திப்பிலியிலும் உள்ள காரப் பொருள் பைப்பரின். 1819-20இல் அதை முதலில் பிரித்தவர், மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு கண்டுபிடித்த அதே டேனிஷ் விஞ்ஞானி ஓர்ஸ்டெட். மிளகில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு வாக்கில் இருக்கும். மூட்டை கட்டி வெளியேற்றும் என்சைம்களை அது கொஞ்ச நேரம் மந்தப்படுத்துகிறது. குடல் சுவரில் உள்ளே வந்த அந்நியப் பொருள்களைத் திரும்ப வெளியே இறைக்கும் ஒரு புரதப் பம்ப் உண்டு, அதையும் தடுக்கிறது. காவல் தளர்ந்த நேரத்தில் மருந்து உள்ளே போய்விடுகிறது.

இருபது மடங்கின் கணக்கு

மூணாறு கடைக்காரர் சொன்ன இருபது மடங்கு கற்பனை அல்ல. அதன் பிறப்பிடம் பெங்களூர். செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட கட்டுரையில், ஆரோக்கியமான மனிதர்களுக்கு 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, உடலுக்குக் கிடைத்த அளவு 2,000 சதவீதம் கூடியது என்று எழுதினார்கள். எலிகளில் இது 154 சதவீதம்தான். கட்டுரை ஆசிரியர்களில் ஒருவர் முகமது மஜீத். கேரளத்துக் கொல்லத்தில் பிறந்து, அமெரிக்காவில் கம்பெனி தொடங்கி, பெங்களூரில் சாமி லேப்ஸ் நிறுவி, குர்க்குமினையும் பைப்பரினையும் உலகம் முழுக்க விற்றவர், 2023இல் காலமானார். விற்பவரே ஆய்விலும் பங்கெடுத்தார் என்பதற்காக முடிவு பொய்யாகிவிடாது. அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதுதான் தவறு.

எண்ணையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 2 கிராம் குர்க்குமின் வேண்டுமானால் சாதாரண மஞ்சள் 65 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும்; தொடுபுழை மஞ்சளானாலும் 35 கிராம் வேண்டும். ராத்திரி பாலில் நாம் போடும் அரை ஸ்பூன் தூளில் இருப்பது 50, மிஞ்சினால் 90 மில்லிகிராம். பைப்பரின் பக்கம் நிலைமை நேர்மாறு. 20 மில்லிகிராமுக்கு எட்டுப் பத்து மிளகு போதும்.

இரண்டாவது, எதன் இருபது மடங்கு? வெறும் குர்க்குமின் சாப்பிட்டபோது ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குக் கிடைத்தது ஒரு மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஆறு பங்கு. அதாவது இல்லை என்றே சொல்லிவிடலாம். அதைப் பெருக்கினால் வருவதும் ஒரு மைக்ரோகிராமில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒன்றுமில்லாததை வகுக்கும் எண்ணாக வைத்துக்கொண்டால் எந்த மடங்கும் பிரமிப்பூட்டும்.

அதற்குப் பிறகு இந்த மடங்குப் போட்டி சூடு பிடித்தது. ஆலுவாயில் உள்ள அர்ஜுனா நிறுவனம் குர்க்குமினை மஞ்சளின் சொந்த எண்ணெயோடு திரும்பச் சேர்த்தது. 2008இல் வந்த கட்டுரையில் ஏறத்தாழ ஏழு மடங்கு என்றார்கள். மஞ்சளிலிருந்து பிரித்ததை மஞ்சளுக்கே திருப்பிக் கொடுத்தது எனக்குப் பிடித்த சாமர்த்தியம். கேரளத்தின் ஏக்கே நிறுவனம் வெந்தய நாரில் பொதிந்தது. இத்தாலிக்காரர்கள் சோயா லெசித்தினில் கட்டினார்கள். ஜப்பானியர் நம் காட்டு மரத்துப் பிசினில் நுண்துகளாக மிதக்கவிட்டு 27 மடங்கு என்றார்கள். எல்லாமே சாமர்த்தியமான வேலைகள். ஆனால் இவற்றில் பல ஆய்வுகள் அளந்தது, முதுகில் மூட்டை கட்டப்பட்ட குர்க்குமினையும் சேர்த்து. ஈரல் முடக்கிய அந்த வடிவம் அதே வேலையைச் செய்யுமா என்பது இன்னும் தீராத வழக்கு.

அதைவிடப் பெரிய கேள்வியை 2017இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் எழுப்பினார்கள். குர்க்குமினை வைத்து 120க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்திருந்தும், மருந்தையும் போலி மாத்திரையையும் மறைத்துக் கொடுத்து ஒப்பிட்ட கண்டிப்பான சோதனைகளில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றது அவர்கள் கட்டுரை. பலர் அதை மறுத்தார்கள். மூட்டு வலிக்குக் கொஞ்சம் பலன் உண்டு என்று காட்டும் சிறு ஆய்வுகள் இருக்கத்தான் செய்கின்றன. ரத்தத்தில் ஏறுவது ஒன்று, நோய் இறங்குவது மற்றொன்று என்பது மட்டும் இருதரப்புக்கும் பொது.

காசநோய் மாத்திரையில் மிளகு

ஜம்முக்காரர்களின் கண்டுபிடிப்பு உண்மையான மருந்தாக உருவெடுத்தது மஞ்சளில் அல்ல, காசநோயில். சிறுநீரைச் சிவக்க வைக்கும் ரிஃபாம்பிசின் காசநோய் சிகிச்சையின் முதுகெலும்பு. அதுவும் கரைய அடம்பிடிக்கும் இரண்டாம் வகுப்பு மருந்து. அதை ஐசோனியசிட் போன்றவற்றோடு ஒரே மாத்திரையில் அடைத்தபோது, சில தயாரிப்புகளில் ரிஃபாம்பிசின் ரத்தத்தில் போதுமான அளவு ஏறவில்லை. நோயாளி ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்குவார். கிருமிக்கோ அரைகுறை அடிதான் விழும். அரைகுறை அடி வாங்கிய கிருமி மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்ளும். எனவே 1994இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச காசநோய் ஒழிப்பு ஒன்றியமும் சேர்ந்து அறிக்கை விட்டன: ரத்தத்தில் ஏறுவது நிரூபிக்கப்பட்ட கூட்டு மாத்திரைகளை மட்டுமே பயன்படுத்துங்கள் என்று. லயங்களைப் போல நெருக்கியடித்து வாழும் குடியிருப்புகளில் காசநோய் பரவச் சிரமப்படுவதில்லை. அங்கே இந்த வித்தியாசம் வெறும் ஆய்வகச் சங்கதி அல்ல.

ஜம்மு நிலையமும் அகமதாபாத்தின் காடிலா பார்மசூட்டிகல்ஸும் சேர்ந்து ரிஸோரின் என்ற மாத்திரையை உருவாக்கின. வழக்கமான 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுக்குப் பதில் 200 மட்டும். கூட 10 மில்லிகிராம் பைப்பரின். பாதிக்கும் குறைந்த மருந்தில் அதே ரத்த அளவு என்பது வாதம். 2009இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அனுமதி கொடுத்தார். நாலைந்து மிளகின் சத்து ஒரு நவீன மாத்திரைக்குள் அதிகாரபூர்வமாகக் குடியேறிய சம்பவம் அது. அரசின் காசநோய்த் திட்டத்தில் தரப்படும் கூட்டு மாத்திரைகள் பைப்பரின் இல்லாதவை. வழக்கமான ரிஃபாம்பிசின் அளவையே உடல் எடைக்கேற்பத் தருபவை. போதாததற்கு, ரிஃபாம்பிசினின் அளவைக் கூட்டினால் சிகிச்சை இன்னும் நன்றாக இருக்குமா என்று உலகில் பல இடங்களில் சோதித்தும் வருகிறார்கள். குறைத்துக் கொடுக்கும் யோசனையைவிட, உள்ளதை முழுதாகச் சேர்க்கும் யோசனைதான் எனக்குப் பத்திரமாகப் படுகிறது.

பிரிஸ்பேனில் தள்ளாடியவர்கள்

கொஞ்சம் ஏறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் பதில் இருக்கிறது. 1968-69இல் பிரிஸ்பேன் நகரில், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று தள்ளாடத் தொடங்கினார்கள். பேச்சு குழறியது, பார்வை இரட்டையாகத் தெரிந்தது. மருந்து மாறவில்லை, அளவும் மாறவில்லை. தோண்டிப் பார்த்தபோது, கேப்சூலை நிரப்பப் பயன்படுத்திய மாவு மட்டும் மாறியிருந்தது. முன்பு கால்சியம் சல்பேட். பிறகு பால் சர்க்கரையான லாக்டோஸ். கால்சியம் சல்பேட் மருந்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. லாக்டோஸ் விட்டுவிட்டது. மருத்துவர்கள் பழைய கணக்கில் எழுதிய அளவு, புதிய பொட்டலத்தில் நஞ்சாயிற்று.

ஃபெனிடாயினின் சங்கடமே அதன் பாதை ஒற்றையடி என்பது. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். 20க்கு மேல் போனால் தள்ளாட்டம். நடுவில்தான் நடக்க வேண்டும். அதிலும் ஒரு எல்லைக்குப் பிறகு ஈரல் கைவிரித்துவிடும். கொஞ்சம் கூடக் கொடுத்தால் ரத்த அளவு நிறைய எகிறும். இதய நோய்க்கான டிகாக்ஸினிலும் இப்படித்தான். 1971இல் அமெரிக்காவில் வெவ்வேறு தயாரிப்புகளை ஒப்பிட்டபோது, அதே அளவு மாத்திரையில் ரத்த உச்சம் ஏழு மடங்குவரை வேறுபட்டது. பெயரும் அளவும் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்று என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று.

இந்தியாவில் அந்த நம்பிக்கையைச் சட்டம் வெகுகாலம் விடவில்லை. 2017 ஏப்ரலில்தான் விதிகள் திருத்தப்பட்டு, இரண்டாம், நான்காம் வகுப்பு மருந்துகளை மாத்திரையாகத் தயாரிக்க உரிமம் கேட்பவர்கள், மூல மருந்துக்கு நிகராக ரத்தத்தில் ஏறுகிறது என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும் என்று கட்டாயமாயிற்று. அமிடானின் வகுப்புப் பிரிவு வந்து இருபத்திரண்டு வருஷம் கழித்து.

இனி சித்தியின் குப்பிக்கு வரலாம். மிளகும் ஃபெனிடாயினும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம்மவர்களே பார்த்திருக்கிறார்கள். டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மிளகு போட்ட சூப்பும் மிளகு போடாத சூப்பும் கொடுத்து ஃபெனிடாயின் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். மிளகோடு கூடுதலாக ஏறியது. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகத்தில் வலிப்பு நோயாளிகளுக்கே 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்துச் சோதித்து 2006இல் எழுதினார்கள். அங்கும் ரத்த அளவு உயர்ந்தது. எல்லா மருந்துக்கும் இப்படி ஆவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குர்க்குமின், பைப்பரின் கலவையைப் பாரசிட்டமால் உள்ளிட்ட மூன்று மருந்துகளோடு கொடுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வொன்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. காவல்காரன் எல்லா வாசலிலும் ஒரே ஆள் இல்லை.

ஈரல் பக்கமும் புகார்கள் வந்திருக்கின்றன. 2019இல் இத்தாலியில் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டவர்களிடையே ஈரல் அழற்சி தொகுதியாகத் தென்பட்டு அரசு விசாரித்தது. 2022இல் அமெரிக்க மருத்துவர்கள் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். சோதித்த ஏழு குப்பிகளிலும் மஞ்சள், மூன்றில் பைப்பரினும். பத்தில் ஏழு பேருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. 2023இல் ஆஸ்திரேலிய அரசும் எச்சரிக்கை விட்டது. கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் பொருளில் இது மிக அரிய விளைவு. ஆனால் நூற்றாண்டுகளாகக் குழம்பில் போட்டுத் தின்ற மஞ்சள் பற்றி இப்படிப் புகார் வந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடம்பு உள்ளே விடாமல் தடுத்துவந்த ஒன்றை இத்தனை பாடுபட்டு உள்ளே அனுப்பும்போது, அது ஏன் தடுத்தது என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

போடியில் சித்தியின் மருத்துவருக்குப் போன் செய்தேன். லேபிளைப் படிக்கச் சொன்னார். பைப்பரின் என்றதும், வேண்டாம், கொடுக்காதீர்கள் என்றார். காரணத்தையும் பொறுமையாக விளக்கினார். சித்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, அந்தக் குப்பில எத்தன மிளகு சத்து இருக்கும்?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். ஐந்து மில்லிகிராம் என்றால் இரண்டு மிளகு, இல்லை மூன்று.

"ரெண்டு மிளகா?" சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் தினம் ரசத்துக்கு ஒரு ஸ்பூன் இடிச்சுப் போடுறேனே. அத டாக்டருகிட்டக் கேட்டியா?"

கேட்கவில்லை. மறுபடி போன் செய்தேன். மருத்துவர் ஒரு நிமிஷம் யோசித்தார். இருபது வருஷமாக ரசம் சாப்பிடுகிறவருக்குப் பார்த்து அமைத்த அளவுதான் இப்போது போடும் மாத்திரை, அதனால் ரசத்தை நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம், மாத்திரையையும் ரசச் சோற்றையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அடுத்த முறை வரும்போது ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவு பார்த்துவிடலாம், பார்த்து நாளாயிற்று என்றும் சொன்னார்.

சித்தி அதற்குள் அம்மியடிக்குப் போய்விட்டார். மூணாறு குப்பி என் மேஜையில், சீல் உடைக்காமல் இருக்கிறது.